மார்சேயின் மலைவழிகள்

துறைமுக நகரங்களைக் காணச் செல்கிறவர்கள் பெரும்பாலும் கடலை நோக்கியே நிற்கிறார்கள். கப்பல்கள் வந்ததும் போனதும், சரக்கு இறங்கியதும், அந்நியர் குடியேறியதும், யுத்தமும் கொள்ளைநோயும் உள்ளே நுழைந்ததும் கடல்வழியாகவே என்பதால், அந்நகரங்களின் சரித்திரம் முழுவதும் கரையோரத்திலேயே அடங்கிவிட்டது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் ஒரு துறை ஏன் அந்த இடத்தில் அமைந்தது, வந்தவர்கள் ஏன் அங்கேயே வேரூன்றினார்கள், வளர்ந்துகொண்டே வந்த ஊர் எந்த எல்லையில் நின்றது என்று விசாரிக்கத் தொடங்கினால், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையை நோக்கி நடக்க வேண்டியிருக்கிறது. அப்படி நடப்பதையும், ஒரு கூட்டத்தோடு கூட்டமாக, முன்னே ஒருவர் விளக்கம் சொல்லிக்கொண்டே போக, அவர் காட்டியதைப் பார்த்து, காட்டாததை விட்டுவிட்டு நடப்பதாகச் செய்யாமல், வழித்துணை இல்லாமல், தன் காலையும் கண்ணையும் நம்பி நடப்பதாகச் செய்தால், நிலம் தன்னுடைய சரித்திரத்தைத் தானே சொல்லத் தொடங்குகிறது என்பது என் திடமான எண்ணம்.

இதற்குப் பிரான்ஸின் தென்கரையிலுள்ள மார்சேய் நகரத்தைப் போலத் தக்க பிரமாணம் வேறொன்று கிடைப்பது அரிது. கி.மு. 600-ஐ ஒட்டி ஆசியா மைனரிலுள்ள போக்கேயா என்னும் கிரேக்க நகரத்திலிருந்து மரக்கலங்களில் வந்தவர்கள், குன்றுகள் அணைத்துக் காத்த ஒரு சிறு கடற்கழியைக் கண்டு, அங்கே மஸ்ஸாலியா என்ற குடியிருப்பை நிறுவினார்கள். அந்தக் கழியே இன்று பழைய துறைமுகம் என்ற பெயரோடு, பாய்மரக் கம்பங்கள் நெருங்கி நிற்க, காலை வேளையில் கரையோரத்து மீன் வியாபாரத்தின் சந்தடியோடு, நகரத்தின் நடுவே விளங்குகிறது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த காலத்தில் அங்கிருந்து கப்பலேறிய தமிழர் பலர் ஐரோப்பாவில் முதன்முதல் கால் வைத்த இடமும் இவ்வூர்தான். துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு சுண்ணாம்புக் குன்றின் உச்சியில், 1864-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட நோத்ர-தாம் த லா கார்த் மாதா கோயில் நிற்கிறது. மாலுமிகள் நேர்ந்துகொண்டு காணிக்கையாகத் தந்த சிறு கப்பல் பொம்மைகள் விதானத்திலிருந்து தொங்கும் அக்கோயிலின் வாசலில் நின்று தெற்கே பார்த்தால், வீட்டுக் கூரைகள் முடியும் இடத்தில், மரமோ மண்ணோ அதிகம் இல்லாத வெள்ளைப் பாறை மலைத்தொடர் ஒன்று சட்டென்று எழுந்து நிற்பதைக் காணலாம். நகரத்துக்கு அந்தத் திசையில் எல்லை வகுத்தது அதுவே. அதன் உயர்ந்த சிகரமான புஜே மலை 565 மீட்டர்தான். ஆனால் அந்த உயரம் கடல் மட்டத்திலிருந்தே நேராக எழுவதால், பார்ப்பவர் மனத்தில் அது பெரிய பர்வதங்களுக்கு உரிய கம்பீரத்தை உண்டாக்கிவிடுகிறது.

இந்த மலைத்தொடர் கிழக்கே கஸ்ஸி என்னும் சிற்றூர் வரையில் கடலோரமாக நீண்டு செல்கிறது. வழியெங்கும் அதன் விளிம்பைக் கடல் பிளந்து உள்ளே புகுந்திருக்கிறது. இருபுறமும் செங்குத்தான வெண்பாறைச் சுவர், நடுவே நீலமும் பச்சையும் கலந்த நீர், முடிவில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு கூழாங்கல் கரை என்று அமைந்த இந்தக் கடற்பிளவுகளுக்குக் கலாங்க் என்பது அந்நாட்டுப் பெயர். சோர்மியூ, மோர்ஜியூ, சுஜித்தோன், ஆன்-வோ, போர்-மியூ என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. ஒரு காலத்தில் இவையெல்லாம் சாதாரண மலைப் பள்ளத்தாக்குகளாக இருந்தவை. பூமியின் பல பகுதிகள் உறைபனியில் கட்டுண்டு, கடல் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்த யுகத்தில் ஓடைகள் அறுத்த பள்ளங்களில், பனி உருகிக் கடல் ஏறியபோது உப்புநீர் வந்து நிறைந்தது. மலைக்கும் கடலுக்கும் நடுவே நாட்கணக்கில் நடக்க வேண்டிய நாட்டில் பிறந்து, குறிஞ்சி என்றும் நெய்தல் என்றும் இரண்டையும் வெவ்வேறு உலகங்களாகப் பிரித்து வைத்துப் பழகிய நமக்கு, ஒரே பார்வையில், ஒரே பாறையில், இரு திணையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதைக் காண்பது முதலில் நம்ப முடியாத ஆச்சரியமாகவே இருக்கும்.

இம்மலையைத் தனியே நடந்து அறிந்தவர்களில் உலகம் நன்கறிந்த ஒருவர் பிரெஞ்சு எழுத்தாளரான சிமோன் த பொவ்வார். 1931-ஆம் ஆண்டில், இருபத்து மூன்று வயதில், மார்சேயின் பெண்கள் பள்ளி ஒன்றில் தத்துவம் கற்பிக்கும் ஆசிரியையாக அவர் வந்து சேர்ந்தார். பாரிஸையும் நண்பர்களையும் பிரிந்து, அறிமுகமானவர் ஒருவரும் இல்லாத ஊரில் அகப்பட்டுக்கொண்ட அவர், பள்ளி விடுமுறையான வியாழக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டால் விடியலில் புறப்பட்டு, பழைய உடையும் கயிற்றடிச் செருப்பும் அணிந்து, கூடையில் சில ரொட்டிகளும் வாழைப்பழங்களும் எடுத்துக்கொண்டு, இருட்டும் வரையில் மலைகளில் நடந்தார். முதலில் ஐந்தாறு மணி நேரமாக இருந்த நடை, பிறகு நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் வரையில் வளர்ந்தது. பெண் தனியே போவது ஆபத்து என்று உடன் பணியாற்றியவர்கள் எச்சரித்ததை அவர் பொருட்படுத்தவில்லை; நடைச் சங்கம் எதிலும் சேரவுமில்லை. 1960-இல் வெளிவந்த தம் சுயசரிதையின் இரண்டாம் பாகத்தில் இந்த நடைகளைப் பற்றி அவர் விரிவாகவே எழுதியிருக்கிறார். தனிமை என்னும் தண்டனையைச் சுதந்திரம் என்னும் சம்பத்தாக மாற்றிக்கொள்ள அவருக்கு உதவியது அந்த வெண்பாறை மலைதான் என்பது, அதைப் படிக்கிற எவருக்கும் விளங்கும்.

அவர் தனியே நடந்தார் என்று சொல்லும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. அவர் கையில் பிறர் வரைந்த படம் இருந்தது. பாறைகளில் பிறர் இட்ட வர்ண அம்புக்குறிகள் இருந்தன. மார்சேயில் 1897-இலேயே நடையாளர் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. தொழிலாளிகளும் குமாஸ்தாக்களும் சிறு வியாபாரிகளும் ஓய்வு நாளில் குடும்பத்தோடு மலைக்குப் போகும் வழக்கம் அவ்வூரில் ஆழமாக வேரூன்றியிருந்தது. இச்சங்கத்தாரும் இவர்களைப் போன்ற பிறரும் வழிகளை ஆராய்ந்து குறிப்பேடுகளில் வெளியிட்டார்கள். பாறைகளில் வர்ணம் பூசினார்கள். மழையும் வெயிலும் அழித்தபோது மறுபடியும் பூசினார்கள். துணையின்றி நடப்பவன் உண்மையில் துணையற்றவன் அல்லன். அவனுக்கு முன்னே அங்கே நடந்தவர்கள், அவனை ஒருபோதும் காணப் போகாதவர்கள், அவன் வழி தவறக் கூடாது என்ற ஒரே நினைவோடு தூரிகையும் வர்ண டப்பாவும் சுமந்து ஏறியிருக்கிறார்கள். தர்மம் என்று நாம் எதையெல்லாமோ சொல்கிறோம். தண்ணீர்ப் பந்தலுக்குச் சற்றும் குறையாத தர்மம் இது.

நகரப் பேருந்து போய் நிற்கும் கடைசி இடங்களுள் ஒன்றான கால்லோங்க் என்ற சின்னஞ்சிறு மீன்பிடித் துறையிலிருந்து கஸ்ஸிக்குச் செல்லும் நெடுவழி தொடங்குகிறது. வெள்ளைக் கோடும் அதன் கீழே சிவப்புக் கோடுமாக இரண்டு விரற்கடை அகலத்தில் பாறை முகத்தில் இட்ட குறிதான் அதன் அடையாளம். இரண்டு கோடும் இணையாக இருந்தால் வழி சரி. ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் பெருக்கல் குறியாக இருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. இவ்வளவு சிறிய இலக்கணத்தைக் கற்றுக்கொண்டு அதை மட்டும் நம்பி நடக்கும்போது, கண்ணுக்கு வேறு விதமான கூர்மை வந்துவிடுகிறது. அடுத்த குறி எங்கே என்று தேடும் கண், பாறையின் நிறபேதத்தையும், எண்ணற்ற பாதங்கள் பட்டுத் தேய்ந்து கண்ணாடிபோல் வழுக்கும் கல்லையும், அதன் பக்கத்தில் சொரசொரப்பாகவே நிற்கும் கல்லையும், அக்கல்லின் பிளவில் வேர்விட்ட செடியையும் தானாகவே பார்த்துவிடுகிறது. வழித்துணையின் பின்னே போகிறவனுடைய கண் முன்னே போகிறவரின் முதுகில் நிலைத்துவிடுகிறது; குறியைத் தேடுகிறவனுடைய கண்ணோ நிலத்தை விட்டு அகல்வதில்லை.

அந்தக் கரையோரத்தில் ஒரு செடியைக் குனிந்து பார்க்க வேண்டும். முழங்கால் உயரத்துக்கும் குறைவாக, அரைக்கோள வடிவில், சாம்பல் கலந்த பச்சை நிறத்தில், உட்காரலாம் போலத் தோன்றும் மெத்தையாக அது பாறையில் படர்ந்திருக்கும். தொட்டவுடனே தெரியும், அது முழுவதும் முள் என்று. இதன் சிற்றிலைகள் ஒரு நடுக்காம்பின் இருபுறமும் வரிசையாக முளைக்கின்றன. வறட்சியில் இலைகள் உதிர்ந்த பின்னும் காம்பு உதிராமல் நின்று, இறுகி, முள்ளாகிவிடுகிறது. இலையைத் தாங்கிய அங்கமே பிறகு அடுத்த இலைகளுக்குக் காவலாக நிற்கிறது. வசந்தத்தில் அம்முட்களுக்கு நடுவே வெண்ணிறப் பூக்கள் மலர்கின்றன. உப்புக் காற்றையும், வடமேற்கிலிருந்து ரோன் நதிப் பள்ளத்தாக்கு வழியாகச் சீறி வரும் மிஸ்த்ரால் என்ற வறண்ட காற்றையும் தாங்கத் தெரிந்த இச்செடிக்கு அவ்வூர் மக்கள் மாமியார் மெத்தை என்று பெயரிட்டிருக்கிறார்கள். கல்லின் வெப்பத்தில் மணம் வீசும் ரோஸ்மேரிப் புதர்களும், ஒரு காலத்தில் செஞ்சாயப் பூச்சிகளுக்காக மதிக்கப்பட்ட முள்ளிலை ஓக் செடிகளும், காற்று தள்ளிய திசையிலே சாய்ந்து வளர்ந்த அலெப்போ பைன் மரங்களும் அம்மலையில் எங்கும் உண்டு. சரிந்து கிடக்கும் கற்குவியல்களில் மட்டும் முளைத்து, மார்சேய்க்கும் தூலோனுக்கும் இடைப்பட்ட பிரதேசத்தைத் தவிர உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காத சிறு வெண்பூச் செடி ஒன்றும் உண்டு. மண் இல்லை, நீர் இல்லை என்று நாம் சொல்லும் இடத்தில் இத்தனை ஜீவன்கள் தத்தம் உபாயத்தைக் கண்டுபிடித்து வாழ்கின்றன.

ஆனால் இது மனிதன் தொடாத வனம் என்று எண்ணிவிட வேண்டாம். கால்லோங்குக்கு வரும் சாலையருகே, எஸ்கலெத் என்னுமிடத்தில், மலைச்சரிவின்மேல் ஊர்ந்து ஏறும் ஒரு நீண்ட கல் குழாயின் சிதைவு இன்றும் தெரிகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவே தொடங்கிய ஈய உருக்காலையின் புகைபோக்கி அது. அந்நூற்றாண்டில் மார்சேயின் புகழ்பெற்ற சோப்புக்கு வேண்டிய சோடாவைக் காய்ச்சிய தொழிற்சாலைகளும், ஈயத்தை உருக்கிய உலைகளும், நகரத்தாரின் சுவாசத்தைக் கெடுக்கின்றன என்ற காரணத்தால் ஜனங்கள் குறைவான இக்கரைக்கு அனுப்பப்பட்டன. உலைகள் அணைந்து வெகுகாலமாகிவிட்டது. மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் இன்னும் இருக்கின்றன. அந்த விஷ மண்ணிலும் நாம் மேலே கண்ட முள்மெத்தைச் செடி வளர்கிறது. ஊர் தனக்கு வேண்டாததையெல்லாம் தன் மலைக்குத் தள்ளியது. மலை அதைப் பொறுத்துக்கொண்டது, மறக்கவில்லை.

வழியில் சற்று உயரம் ஏறிக் கடலைப் பார்த்தால், ரியூ, ஜார் முதலிய சிறு தீவுகள் வெறும் பாறைகளாகக் கிடப்பது தெரியும். 1720-இல் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையான லெவான்டிலிருந்து துணிகளோடு வந்த கிராந்-சேந்-ஆந்துவான் என்ற கப்பல் கொள்ளைநோயையும் கொண்டுவந்தது. வழியிலேயே மாலுமிகள் இறந்திருந்தும், தொற்றுக்காவல் விதிகள் வியாபாரத்தின் அவசரத்துக்கு வளைந்து கொடுத்ததால் சரக்கு கரையேறியது. சுமார் 90,000 பேர் வாழ்ந்த நகரத்தில் ஏறக்குறைய 40,000 பேர் மாண்டார்கள். அக்கப்பலை ஜார் தீவருகே கொண்டுபோய் எரித்தார்கள். நகரத்து மாளிகைகளில் இந்த விபரீதத்தைச் சொல்லும் சித்திரங்களும் நினைவுச் சின்னங்களும் உண்டு. ஆனால் மனித வாடையே இல்லாத மலைவழியில், வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தீவுக்கும் ஊருக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கண்ணால் அளக்கும்போதுதான், காவலைச் சற்றே தளர்த்தியதன் விலை எவ்வளவு என்பது பிரத்தியட்சமாகத் தெரிகிறது.

இன்னும் கிழக்கே, மோர்ஜியூ முனைக்குக் கீழே, நடப்பவன் காலடியில் இருந்தும் காணமுடியாத ஒரு குகை இருக்கிறது. ஆந்ரி கோஸ்கேர் என்ற முக்குளிப்பவர் 1985-இல் கடலுக்குள் 37 மீட்டர் ஆழத்திலுள்ள ஒரு துவாரத்தின் வழியே நீண்ட சுரங்கத்தில் மேல்நோக்கி நீந்திப்போய், நீர் முழுவதும் நிறையாத ஓர் அறையைக் கண்டார். 1991-இல் உலகம் அதை அறிந்தது. குதிரைகளும், கடல்நாய்களும், இன்று பூமியிலிருந்து அற்றுப்போன பெரிய ஆக் என்னும் பறவையும், மனிதக் கைகளின் அச்சுகளும் அங்கே தீட்டப்பட்டிருக்கின்றன. அவற்றுள் பழையவை 27,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. தீட்டியவர்கள் நீந்தி வரவில்லை; அன்று கடற்கரை பல கிலோமீட்டர் தள்ளி இருந்தது; அவர்கள் நடந்துதான் வந்தார்கள். போக்கேயாவின் கப்பல் வருவதற்கு வெகு முன்பே இந்நிலத்தின் முதல் சரித்திரத்தைக் கால்நடையாக வந்தவர்கள் எழுதிவிட்டார்கள். துறைமுகம் மலைக்குப் பின்னால் வந்தது என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டியதில்லை.

இம்மலை இன்றுவரையில் மலையாகவே இருப்பது தற்செயலாக நேர்ந்ததன்று. கஸ்ஸிக்கு அருகே போர்-மியூவில் கல்வெட்டும் தொழில் விரிந்துகொண்டே போய், கடற்பிளவையே தின்றுவிடும் நிலை வந்தபோது, 1910 மார்ச் மாதத்தில் நடையாளர் சங்கத்தார் முன்னின்று திரளான ஜனங்களை அங்கே கூட்டிக் கண்டனம் தெரிவித்தார்கள். இயற்கையைக் காப்பதற்காகப் பிரான்ஸில் நடந்த முதல் கிளர்ச்சிகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை நடைக்காகச் சேர்ந்த சாமானியர்கள், நடந்து பழகிய காரணத்தாலேயே அந்நிலத்துக்காகப் பேசும் உரிமை தங்களுக்கு உண்டு என்று உணர்ந்தார்கள். அந்த உணர்ச்சி ஒரு நூற்றாண்டு காலம் அணையாமல் இருந்து, 2012 ஏப்ரலில் கலாங்க் தேசியப் பூங்காவாகப் பலித்தது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் மாநகரத்தின் எல்லைக்குள்ளேயே தொடங்கி, நிலத்தைவிடக் கடலையே அதிகமாகத் தன் பரப்பில் கொண்ட பூங்கா அது.

ஆனால் அன்பும் மிகுந்தால் பாரமாகிறது. லுமினி பல்கலைக்கழக வளாகத்திலிருந்து பைன் தோப்பு வழியே இறங்கும் சுஜித்தோன் கலாங்குக்குக் கோடைக்கால நாளொன்றில் 2,500 பேர் வரையில் வந்தார்கள். அத்தனை பாதங்களும் உராய்ந்ததில், மெல்லிய மண் படலம் சரிந்து கடலுக்குப் போய், மரங்களின் வேர்கள் பாறைமேல் நரம்புகள்போல் வெளிப்பட்டு நின்றன. நிழல் தந்த மரம் நிழலை நாடி வந்தவர்களாலேயே சாகத் தொடங்கியது. ஆகவே 2022 கோடையிலிருந்து அங்கே நாளொன்றுக்கு 400 பேர் மட்டுமே, முன்பதிவு செய்துகொண்டு, கட்டணமின்றிப் போகலாம் என்று விதித்தார்கள். நெருப்பைப் பற்றிய விதி இதைவிடப் பழையது. 1990 ஆகஸ்டில் மலையின் பெரும்பகுதியை எரித்த தீயை அவ்வூரார் மறக்கவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் முடிய, வறட்சியையும் காற்றையும் கணித்து, மலை நாளைக்குத் திறந்திருக்குமா மூடியிருக்குமா என்று முந்திய மாலையே அறிவிக்கிறார்கள். மிஸ்த்ரால் ஓங்கி வீசும் நாளில் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தவரானாலும் திரும்ப வேண்டியதுதான்.

சுதந்திரமாக நடக்கவந்தவனுக்கு இந்தத் தடைகள் முதலில் கசக்கலாம். யோசித்துப் பார்த்தால் சுதந்திரத்தின் பூரணமான பொருளே இவற்றில்தான் விளங்குகிறது. அழைத்துச் செல்பவர் ஒருவர் இருந்தால் கட்டுப்பாடு அவருடைய பொறுப்பு. எங்கே நிற்பது, எதைத் தொடாதிருப்பது, எப்போது திரும்புவது என்பதையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். துணையின்றி நடப்பவன் அந்த அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறான். எடுத்துக்கொண்ட கணமே அதன் பாரத்தையும் ஏற்றுக்கொள்கிறான். வர்ணக் குறியை விட்டுக் குறுக்குவழியில் இறங்கும் ஒரு பாதம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். கல் பிளவில் பல்லாண்டுகளாகச் சேர்ந்த ஒரு பிடி மண்ணை அது சரித்துவிடும். அந்தப் பிடி மண்ணை நம்பியிருந்த செடிக்கு வேறு மண் கிடையாது. தன்னைத் தானே வழிநடத்தத் தெரிந்தவன் என்று சொல்லிக்கொள்ளும் யோக்கியதை, தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவனுக்குத்தான் உண்டு.

எனவே மார்சேய்க்குப் போகும் வாய்ப்புக் கிடைக்கும் தமிழ் வாசகரிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பழைய துறைமுகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ரோஸ்மேரி பூத்திருக்கும் குளிர்காலத்திலோ வசந்தத்திலோ ஒரு நாளை மலைக்கென்று ஒதுக்குங்கள். சுண்ணாம்புப் பாறை பெய்த மழையையெல்லாம் விழுங்கி, பாதாள நதியாகக் கொண்டுபோய்ப் போர்-மியூவில் கடலுக்குள்ளேயே விட்டுவிடுகிறது. வழியில் ஊற்று இருக்கும் என்று நம்பாமல் தண்ணீரைச் சுமந்துகொண்டு போங்கள். கல் வழுக்கும், நல்ல செருப்பு அணியுங்கள். நெருப்பு என்பது உங்கள் கையில் எந்த ரூபத்திலும் இருக்க வேண்டாம். யாரோ உங்களுக்காகப் பூசிவைத்த வெள்ளை, சிவப்புக் குறிகளை விட்டு விலகாமல், உங்கள் வேகத்தில், உங்கள் மௌனத்தோடு நடந்து பாருங்கள். மலை மூடியிருக்கிறது என்று அறிவித்திருந்தால் மட்டும், வருத்தப்படாமல் திரும்பிவிடுங்கள்; அந்த ஒரு நாள் நீங்கள் நடக்காமல் இருப்பதும் அம்மலைக்கு நீங்கள் செய்யும் கைங்கரியம்தான்.